இரண்டாவது காது

தீஸிஸ் சமர்ப்பிக்கப் பன்னிரண்டு நாட்கள் இருந்தபோது என் கைடு மேடம் ஒரு சின்ன வேலை சொன்னார்.

"வைவாவுல வெறும் கிராஃபா காட்டாதே. வர்றவங்க தூங்கிடுவாங்க. ஒண்ணுக்கு ஒரு குரல், ரெண்டுக்கு ஒரு குரல், அப்படியே அஞ்சு வரைக்கும் போட்டுக் காட்டு. காதால கேட்டா அவங்களுக்கே புரிஞ்சிடும்."

"சரி மேடம்" என்றேன். ஆறு வருடங்களில் நான் அவரிடம் அதிகம் சொன்ன வார்த்தைகள் இவை இரண்டும்தான்.

என் ஆராய்ச்சி, குரலில் களைப்பைக் கண்டுபிடிப்பது. ஆஸ்பத்திரியில் ஷிப்ட் மாறும்போது நர்சுகள் அடுத்து வருபவரிடம் வார்டை ஒப்படைத்துச் சொல்லும் ஓரிரு வாக்கியங்களை அவர்கள் சம்மதத்தோடு பதிவு செய்திருந்தோம். "பன்னண்டாம் பெட்டுக்கு ஊசி போட்டாச்சு, மூணாம் பெட் இன்னும் சாப்பிடல." ஒவ்வொன்றும் ஆறேழு நொடி. மொத்தம் நாலாயிரத்து எண்ணூறு துண்டுகள். களைப்பே இல்லையென்றால் ஒன்று. நிற்கவே முடியாத களைப்பென்றால் ஐந்து. மனிதர்கள் கேட்டு மதிப்பெண் போட வேண்டும். அதிலிருந்து இயந்திரம் கற்றுக்கொள்ளும். செயற்கை நுண்ணறிவு என்று வெளியே சொல்லும்போது பெரிதாகத் தெரிகிற விஷயம், உள்ளே இவ்வளவுதான். யாரோ ஒருத்தி ஹெட்போனை மாட்டிக்கொண்டு நாலாயிரத்து எண்ணூறு முறை கேட்க வேண்டும்.

ஒருத்தி போதாது. ஒருவர் காதை மட்டும் யாரும் நம்ப மாட்டார்கள். இன்னொருவர் முதலாமவரின் மதிப்பெண்களைப் பார்க்காமல் தானாகக் கேட்டுப் போட வேண்டும். இரண்டும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதற்கு ஓர் எண் உண்டு. முழுக்க ஒத்துப்போனால் அது ஒன்று. இந்த மாதிரி வேலையில் 0.6 வந்தாலே நல்ல பெயர். எங்களுக்கு 0.91 வந்தது. என் முதல் பேப்பரின் சுருக்கத்திலேயே அந்த எண் இருந்தது. மேடம் வெளியூர்களில் பேசப் போகும்போதெல்லாம் அதைச் சொல்வார். அதைக் கேட்டுத்தான் ஓர் ஆஸ்பத்திரி எங்கள் இயந்திரத்தைச் சோதித்துப் பார்க்க ஒப்புக்கொண்டது. இரட்டை ஷிப்டுக்கு யாரை நிறுத்தி வைக்கலாம் என்று முடிவு செய்ய. ஒன்று, இரண்டு வருபவர்களை அடுத்த ஷிப்டுக்கும் இருக்கச் சொல்லலாம். மற்றவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். என் தீஸிஸின் கடைசி அத்தியாயம் அதுதான்.

முதல் காது என்னுடையது. இரண்டாவது காது என் அக்காவுடையது.

எங்கள் லேப் முன்பு பழைய நாற்காலிகள் போட்டு வைத்த அறை. ஜன்னல் கிடையாது. இயந்திரங்களுக்காக ஏசி எப்போதும் பதினெட்டில் இருக்கும். வெளியே வெயில் கொளுத்தினாலும் நான் சால்வையோடுதான் உட்கார்ந்திருப்பேன். ஆறு மேசைகளில் மூன்று காலி. ஒன்றுக்குரியவன் பாதியில் போய்விட்டான். இன்னொருத்திக்கு வேலை கிடைத்தது. மூன்றாவது மேசை யாருடையது என்று எனக்கு நினைவில்லை. எதிரே உட்காருபவனை ஜிபியு என்று கூப்பிடுவோம். லேபில் எல்லோருக்கும் பொதுவாக இருக்கும் ஜிபியு என்கிற பெரிய இயந்திரம் எப்போது பார்த்தாலும் அவன் பெயரிலேயே பதிவாகியிருக்கும் என்பதால் வந்த பெயர்.

அன்று மதியம், ஒன்றுக்கு ஒரு குரல் தேடி மதிப்பெண் ஷீட்டைத் திறந்தேன். இருவரும் ஒன்று போட்டிருந்த வரிசைகளில் கண்ணில் பட்டது 2151. அழுத்தினேன்.

ஒரு பெண். "ஏழாம் பெட்டுக்கு..." என்று ஆரம்பித்தாள். நிறுத்தினாள். மூச்சு விட்டாள். "ஏழாம் பெட்டுக்கு..." என்று மறுபடி ஆரம்பித்து, என்ன சொல்ல வந்தோம் என்பதையே மறந்தவள் போல இழுத்தாள்.

இது ஒன்று இல்லை. இது ஐந்து.

அடுத்ததைப் போட்டேன். 2152. குளித்துவிட்டு அப்போதுதான் வந்தவள் போல ஒரு குரல், பாதிச் சிரிப்போடு. அதற்கு நான்கு போட்டிருந்தோம். 2153-ஐக் கேட்டேன். பின்னால் போனேன். அரை மணி நேரத்தில் விஷயம் பிடிபட்டது. 2140-இல் சத்தமே இல்லை, பதிவு கெட்டுப்போயிருந்தது. அதை நான் தாண்டிப் போயிருக்கிறேன். ஆனால் ஷீட்டில் அந்தக் கட்டத்தைத் தாண்டவில்லை. அங்கிருந்து எல்லா மதிப்பெண்ணும் ஒரு வரிசை மேலே ஏறியிருந்தது. முப்பத்தெட்டு வரிசைகள். 2178-இல் எப்படியோ கவனித்திருக்கிறேன். விட்டுப்போன கட்டத்தில் ஒரு மூன்றைப் போட்டு நிரப்பி, மறுபடி ஒழுங்குக்கு வந்திருக்கிறேன். அந்த மூன்று எந்தக் குரலுக்கும் உரியதல்ல. ஏதாவது போட வேண்டுமே என்று போட்டது.

மூன்று வருடங்களுக்கு முந்தைய என்மேல் கோபம் வரவில்லை. பாவம், ஏதோ கவனக்குறைவில் செய்திருப்பாள். நாலாயிரத்து எண்ணூறில் முப்பத்தொன்பது. திருத்திவிடலாம்.

திருத்தத் தொடங்கிய பிறகுதான் பக்கத்துப் பத்தியைப் பார்த்தேன். அக்காவின் பத்தி.

அதுவும் 2140-இல் வழுக்கியிருந்தது. 2178-இல் மூன்று போட்டு ஒழுங்குக்கு வந்திருந்தது.

ஒரே குரலை இரண்டு பேர் ஒரே மாதிரி கேட்கலாம். ஆனால் ஒரே இடத்தில் ஒரே மாதிரி வரிசை தவற முடியாது.

"என்ன, மூஞ்சி வெளுத்துப் போச்சு?" என்றான் ஜிபியு. "எர்ரரா?"

"இல்ல."

"ஓடிட்டிருக்கிற புரோகிராம் நின்னுடுச்சா?"

"இல்லப்பா."

"அப்ப லவ்வுதான்" என்று சொல்லிவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டான். அவனுக்கு உலகத்தில் மொத்தம் மூன்று பிரச்சினைகள்தான் உண்டு.

நான் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, அக்காவும் நானும் ஒத்துப்போகாத வரிசைகளை மட்டும் தனியே எடுத்தேன். முன்னூற்றுச் சொச்சம். ஒவ்வொன்றிலும் வித்தியாசம் சரியாக ஒன்று. எங்கேயும் இரண்டு கிடையாது. இரண்டு பேர் தனித்தனியே கேட்டிருந்தால் எங்காவது இரண்டு வந்திருக்கும். முன்பு மேடமும் நானும் இதைப் பார்த்து எவ்வளவு சந்தோஷப்பட்டோம்.

அக்காவை இதில் இழுத்துவிட்டது நான்தான். ஒப்புக்கொண்ட வகுப்புத் தோழி இரண்டே நாளில் காது வலிக்கிறது என்று போய்விட்டாள். அக்கா திருமணத்துக்குப் பிறகும் நான்கு வருடம் ஒரு கம்பெனியில் புகார் அழைப்புகளை எடுத்துக்கொண்டிருந்தவள். போனில் ஒருவர் "ஹலோ" சொல்வதை வைத்தே இவர் கத்துவார், இவர் அழுவார் என்று சொல்லிவிடுவாள். பாப்பா பிறந்ததும் வேலையை விட்டு வீட்டில் இருந்தாள். இதைவிட நல்ல காது எங்கே கிடைக்கும் என்று மேடமிடம் சொன்னேன். அப்போது நான் பெருமையாகச் சொன்ன வாக்கியம் அது. அக்காவிடம், "என்னோடத மட்டும் பாக்காதே" என்றும் சொன்னேன். சொல்லிவிட்டு என் ஷீட்டையும் அவள் ஷீட்டையும் ஒரே ஃபோல்டரில் போட்டு, அந்த ஃபோல்டரை அவளுக்கு அனுப்பினேன்.

சனிக்கிழமை இரண்டு பஸ் மாறி அக்கா வீட்டுக்குப் போனேன். மூன்றாவது மாடி. கதவைத் திறந்தது மாமா.

"வாங்க டாக்டரம்மா. முதுகு பிடிச்சிருக்கு, ஒரு மாத்திரை எழுதிக் குடுங்க."

"நான் அந்த டாக்டர் இல்ல மாமா."

"எந்த டாக்டரும் இன்னும் இல்லையே நீ. ஆறு வருஷமாச்சு. எல்லா வேலையும் இனிமே மெஷினே பண்ணிடும்கிறாங்க, உன் தீஸிஸை மட்டும் ஏன் பண்ண மாட்டேங்குது?"

"விடுங்க, வந்ததும் வராததுமா" என்று உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது. "ரெண்டு வாரத்துல முடிச்சிடுவா. அப்புறம் நீங்கதான் அவளை மேடம்னு கூப்பிடணும்."

பாப்பாவுக்குச் செருப்பு வாங்க வேண்டும் என்று மாமா அவளை அழைத்துக்கொண்டு கிளம்பினார். பாப்பாவுக்கு இப்போது நாலு வயது ஆகப்போகிறது. செருப்பு என்றதும் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அக்கா கட்டிலில் துவைத்த துணிகளைக் குவித்து வைத்து மடித்துக்கொண்டிருந்தாள். நானும் ஒரு துண்டை எடுத்து மடித்தேன். அலமாரிக் கண்ணாடிக்குப் பின்னால் என் முதல் பேப்பரின் கடைசிப் பக்கத்தை அச்செடுத்துச் செருகி வைத்திருக்கிறாள். நன்றி தெரிவிக்கும் பத்தியில் அவள் பெயருக்குக் கீழே பேனாவால் கோடு போட்டிருக்கும். வீட்டுக்கு யார் வந்தாலும் காட்டுவாள்.

"வந்ததுலேருந்து சுவத்தையே பாத்துட்டு இருக்கே. என்னடி?"

"ஒண்ணுமில்லக்கா."

"மேடம் திட்டினாங்களா?"

"இல்ல." இன்னொரு துண்டை எடுத்தேன். "அக்கா, அந்த நர்சுங்க குரலெல்லாம் கேட்டு நம்பர் போட்டியே."

"மறப்பேனா? பாப்பாவுக்குப் பல்லு முளைக்கிற நேரம். ஒரு காதுல நர்சு, இன்னொரு காதுல இவ."

"என் ஷீட்டைப் பாத்தியா?"

அக்கா சாக்ஸுகளுக்கு ஜோடி தேடிக்கொண்டிருந்தாள். கையிலிருந்ததற்கு ஜோடியைக் கண்டுபிடித்து, சேர்த்துச் சுருட்டி, ஓரமாக வைத்த பிறகுதான் பேசினாள்.

"பாத்தேன்."

கையிலிருந்த துண்டைக் கீழே வைத்தேன்.

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"ஒரு எடத்துல நான் வரிசை மாத்திப் போட்டுட்டேன். அது அப்படியே உன்கிட்டயும் இருக்கு."

அக்கா சிரித்துவிட்டாள். "எட்டாங்கிளாஸ்லயும் இப்படித்தாண்டி மாட்டினேன். பக்கத்துல இருந்தவ பேரையும் சேத்து எழுதி..." என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். "பெரிய தப்பா?"

"எல்லாத்தையும் பாத்தா போட்ட?"

"இல்லடி. சத்தியமா இல்ல. முதல் முன்னூறு நானே கேட்டுப் போட்டேன். எல்லாம் நாலு, அஞ்சு. எங்கயாவது ஒரு மூணு. எனக்கு எல்லாருமே ஓஞ்சு போன மாதிரிதான் கேட்டுது. அப்ப பாப்பா அழுதுச்சா, எந்த வரிசையில நிறுத்தினோம்னு மறந்து போய் ஃபோல்டரைத் தொறந்தேன். உன்னோடது தொறந்துடுச்சு. நீ ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு விதவிதமா போட்டிருக்கே. எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு."

"ஏன்?"

"ஏன்னா? நீ படிச்சவ. நான் எல்லாத்துக்கும் அஞ்சு போட்டிருக்கேன். என் காதுல ஏதோ கோளாறு, நாலு மாசமா தூங்காததுல எல்லாம் ஒரே மாதிரி கேக்குதுன்னு நெனச்சேன். என்னால உன் படிப்பு கெட்டுப் போகக் கூடாதுல்ல. எல்லாத்தையும் அழிச்சிட்டு உன்னோடதைப் பாத்துப் போட்டேன். அச்சு அசலா இருந்தா உங்க மேடம் சந்தேகப்படுவாங்கன்னு அங்கங்க ஒண்ணு கூட்டி, ஒண்ணு கொறச்சு." அவள் குரல் தாழ்ந்தது. "அப்பவும் ஒவ்வொண்ணையும் கேட்டேண்டி. கேக்காம ஒண்ணுகூடப் போடல. கேட்டுட்டு, நீ சொன்னதுதான் சரின்னு நெனச்சுக்கிட்டுப் போட்டேன்."

"பரீட்சை இல்லக்கா அது. சரியான விடைன்னு ஒண்ணு கிடையாது."

"இதை அன்னைக்கே சொல்றதுக்கென்ன?"

நான் சொல்லவில்லை. என்னோடதைப் பார்க்காதே என்று மட்டும்தான் சொன்னேன். ஏன் பார்க்கக் கூடாது என்று சொல்லவில்லை. பார்க்காதே என்றால் அவளுக்குப் பரீட்சைதான் நினைவுக்கு வரும் என்று எனக்குத் தோன்றவில்லை.

"இப்ப என்ன ஆகும்?" என்றாள்.

"ஒண்ணும் ஆகாது" என்றேன்.

அன்று நான் மடித்த துண்டுகளை அக்கா பிரித்து, மறுபடி அவள் அளவுக்கு மடித்து வைத்தாள். சாப்பிட்டுவிட்டுப் போ என்றாள். பசியில்லை என்றேன். வாசல்வரை வந்தாள். செருப்பு மாட்டும்போது என் தலையில் ஒரு முறை கையை வைத்து எடுத்தாள். சின்ன வயதில்கூட அவள் அப்படிச் செய்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, நான் தங்கியிருக்கும் அறையில் தனியாக உட்கார்ந்து முதல் முன்னூறு துண்டுகளையும் மறுபடி கேட்டேன். பழைய மதிப்பெண்கள் தெரியாதபடி புதிய ஷீட் ஒன்றைத் திறந்துகொண்டேன். எதற்காக என்று எனக்கே தெளிவாகத் தெரியவில்லை. என் மதிப்பெண்களாவது நிற்கும் என்று தெரிந்தால் போதும் என்று இருந்தது. என் பத்தி நின்றால், இரண்டாவது காதை வேறு யாரிடமாவது கேட்டுக்கொள்ளலாம். சமர்ப்பிக்கும் நாளைச் சில வாரங்கள் தள்ளினால் போதும்.

மூன்றாவது துண்டுக்கு நான்கு. நான்காவதற்கு ஐந்து. ஐந்தாவதில் ஒருத்தி நன்றாகத்தான் பேசினாள், தெளிவாக, வேகமாக. ஆனால் கடைசி வார்த்தையை முடிக்காமல் விட்டாள். மேடம் அறையிலிருந்து வெளியே வரும்போது நான் அப்படித்தான் பேசுகிறேன். நான்கு.

மதியம் முடித்தேன். பழைய பத்தியோடு சேர்த்துக் கணக்கிட்டேன். மூன்று வருடங்களுக்கு முந்தைய எனக்கும் இன்றைய எனக்கும் 0.34.

நான் என்னோடே ஒத்துப்போகவில்லை.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. எட்டு மணி நேரம் படுத்தால் எட்டு மணி நேரமும் தூங்குவேன். வேகமாகப் பேசினால் களைப்பில்லை, மெதுவாகப் பேசினால் களைப்பு என்று நினைத்திருக்கிறேன். தெளிவாகப் பேசியவர்களுக்கெல்லாம் ஒன்று போட்டிருக்கிறேன். வேலையில் இருப்பவர்கள் களைத்திருக்கும்போதுதான் தெளிவாகப் பேசப் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அந்த ஒன்றுகளைத்தான் இயந்திரம் கற்றுக்கொண்டிருக்கிறது. மிக நன்றாகக் கற்றுக்கொண்டிருக்கிறது.

இன்றைய காதும் சரியென்று சொல்ல முடியாது. எனக்கே இப்போது எல்லாம் களைப்பாகக் கேட்கலாம். அக்காவுக்குக் கேட்டது போல.

திங்கட்கிழமை ஜிபியுவிடம் பொதுவாகக் கேட்பது போலக் கேட்டேன்.

"ஒருத்தர் தீஸிஸ்ல ஒரு தப்பு இருக்கு. யாருக்கும் தெரியாது. என்ன பண்ணலாம்?"

"யாருக்கும் தெரியாதுன்னா அது தப்பே இல்லயே. தீஸிஸை யார் படிக்கிறாங்க? எங்க அம்மாகிட்ட குடுத்தா அளவு சரியா இருக்குன்னு டிவிக்கு அடியில வைப்பாங்க." சிரித்துவிட்டு, பிறகு என்னை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தான். "பெரிய தப்பா?"

"தெரியல."

"மேடம்கிட்ட போகாதே. மெயில் போடு. நேர்ல போனா நீ சரி மேடம்னு சொல்லிட்டு வந்துடுவே."

அவன் சொன்னது சரிதான். ஆனாலும் நான் நினைத்ததைவிடச் சீக்கிரமாகவே எழுந்து நேரிலேயே போனேன். உட்கார்ந்து யோசித்தால் மெயிலும் போட்டிருக்க மாட்டேன்.

மேடம் ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தார். மதியச் சாப்பாடு அவருக்குப் பெரும்பாலும் அதுதான். மேசையில் என் தீஸிஸின் நான்காவது அத்தியாயம் சிவப்பு மையோடு கிடந்தது. நின்றுகொண்டே சொன்னேன். 2140 முதல் 2178 வரை. பிறகு அக்காவின் பத்தி. பிறகு ஞாயிற்றுக்கிழமை. அச்செடுத்த தாள்களை அவர் முன்னால் வைத்தேன். ஆரஞ்சைக் கையில் வைத்துக்கொண்டே ஒவ்வொரு தாளாகப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"அக்காவைத் தவிர யார்கிட்டயும் இல்ல மேடம்."

"அந்த முப்பத்தொன்பது வரிசையைச் சரி பண்ணி ஒரு குறிப்பு போடலாம். அது பெரிய விஷயமில்ல. மிச்சம்..." அவர் முடிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றினார். கண்ணாடி இல்லாமல் நான் அவரைப் பார்த்ததில்லை. வேறு யாரோ போல இருந்தார். "மிச்சத்தை நீ என்கிட்ட சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது. அது உனக்குத் தெரியுமில்ல?"

"தெரியும் மேடம்."

"பின்ன ஏன் சொன்னே?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே பதில் வேண்டும் என்பது போலக் கேட்டார்.

"அந்த ஆஸ்பத்திரி மேடம். ஒண்ணு, ரெண்டு வந்தவங்கள ரெட்டை ஷிப்டுக்கு நிறுத்துவாங்க. நான் ஒண்ணுன்னு போட்டதெல்லாம் ஒண்ணு இல்ல. மெஷின் என்னை மாதிரியே கேக்குது. நிக்க முடியாதவங்களைத்தான் நிக்கச் சொல்லும்."

ஆறு வருடத்தில் அவரிடம் நான் பேசிய மிக நீளமான பேச்சு அது. உட்காரச் சொல்வார் என்று பார்த்தேன். சொல்லவில்லை.

"ஒரு வருஷம் போயிடும். புதுசா அஞ்சு பேரை உக்கார வெச்சுக் கேக்க வைக்கணும். உங்க குடும்பத்துல ஒருத்தரும் கூடாது. பேப்பர் போட்ட பத்திரிகைக்கு எழுதணும். அவங்க வாபஸ் வாங்கச் சொன்னா வாங்கணும். உனக்கு வேலை தர்றேன்னு சொன்னவங்க காத்திருக்க மாட்டாங்க."

"சரி மேடம்."

"இந்த ஒரு தடவையாவது சரி மேடம்னு சொல்லாதே" என்றார். பிறகு ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பி மென்றார். "நானும் பாக்கலையே. முன்னூறு எடத்துலயும் வித்தியாசம் சரியா ஒண்ணேதான். இருபத்தெட்டு வருஷமா இதே வேலை. கண்ணு முன்னாடி இருந்துச்சு. எண் நல்லா இருக்கேன்னு விட்டுட்டேன்." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "ஆஸ்பத்திரிக்கு நான் பேசுறேன். பத்திரிகைக்கு லெட்டரை நீ எழுது. சுத்தி வளைக்காதே. கீழ என் பேரும் இருக்கட்டும்."

லேபுக்குத் திரும்பி எழுத உட்கார்ந்தேன். ஒரு பக்கம்கூட வராத கடிதம். மாலை வரை ஆனது. தடுக்கி நின்றது ஒரே இடத்தில்தான்: 'இரண்டாவது கேட்பாளர் முதல் கேட்பாளரின் மதிப்பெண்களைப் பார்த்து எழுதியிருந்தார்.' இது உண்மை. எழுதியதும் அழித்தேன். 'இரண்டாவது கேட்பாளரிடமிருந்து முதல் கேட்பாளரின் மதிப்பெண்கள் மறைத்து வைக்கப்படவில்லை. எப்படிக் கேட்க வேண்டும் என்பதும் அவருக்கு விளக்கப்படவில்லை. அதனால் அவர் அவற்றைப் பின்பற்றினார். இரண்டு தவறுகளும் கட்டுரையின் முதல் ஆசிரியரான என்னுடையவை.' இதுவும் உண்மை. இரண்டாவதை வைத்துக்கொண்டேன்.

அனுப்புவதற்கு முன் வராந்தாவுக்கு வந்து அக்காவை அழைத்தேன். அவளைப் பற்றிய கடிதம், அவளுக்குத் தெரியாமல் போகக் கூடாது. வகுப்புகள் முடிந்து தண்ணீர்க் குழாய் பக்கம் நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள். படிக்கட்டுப் பக்கமாகத் தள்ளிப் போனேன்.

"சொல்லுடி. சப்மிட் பண்ணிட்டியா?"

"இல்லக்கா. இன்னும் ஒரு வருஷம் ஆகும்."

மறுமுனையில் குக்கர் சத்தம் மட்டும் கேட்டது. அடுப்பை அணைத்தாள் போல. அதுவும் நின்றது.

"ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னியே."

"சொன்னேன்."

"என்னாலயா?"

"ரெண்டு பேராலயும்." கடிதத்தைப் படித்துக் காட்டினேன். தமிழில் சொல்லிச் சொல்லிப் படித்தேன். முடித்த பிறகு, "நன்றின்னு போட்டிருந்த உன் பேரையும் எடுக்கச் சொல்லுவாங்க" என்றேன். இதைச் சொல்லத்தான் அதிக நேரம் எடுத்தது.

"எடுத்துக்கட்டும்." பிறகு, "அழுதியா?" என்றாள்.

"இல்ல. அதுக்குக்கூட முடியல."

"ம்." குக்கரை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது. "திரும்பவும் நான் கேக்கட்டுமா? இந்தத் தடவை பாக்க மாட்டேன்."

"வீட்டு ஆளுங்க கூடாதாம்."

"சரிதான். அவங்க சொல்றதும் நியாயந்தான்." வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை. "ஏய், இரு. நீ எழுதினதுல நான் பாத்து எழுதினது மட்டும்தானே இருக்கு? முதல் முன்னூறு நான் கேட்டேனே. அத எழுது."

"அத அழிச்சிட்டியேக்கா. ஆதாரம் இல்ல."

"அழிச்சா? கேட்டது கேட்டதுதானே. நாலு, அஞ்சுன்னு போட்டேன். எனக்கு அப்படித்தான் கேட்டுது. தப்பா இருந்தா இருக்கட்டும், என் தப்பா இருக்கட்டும்." அவள் நிறுத்தவில்லை. "நாலு வருஷம் போன்ல உக்காந்தவடி நான். பாத்து எழுதினவன்னு மட்டும் போடாதே."

"மேடம் ஒத்துக்குவாங்களான்னு தெரியல."

"கேளு. உனக்கு வாய் இல்லையா?"

நான் திரும்பிப் போனபோது மேடம் பையை மாட்டிக்கொண்டு அறையைப் பூட்டப் போனார். வாசலிலேயே வைத்துக் கேட்டேன். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

"இருக்கிறதை வெச்சு எதையும் நிரூபிக்க முடியாது."

"முடியாது மேடம்."

"நிரூபிக்க முடியாதுன்னும் எழுது. அப்புறம் போடு."

லேபில் ஜிபியு கிளம்பிப் போயிருந்தான். சால்வையை எடுத்துப் போட்டுக்கொண்டு எழுதினேன்: 'முதல் முன்னூறு பதிவுகளைத் தம் செவியால் மட்டுமே கேட்டு மதிப்பிட்டதாகவும், ஏறத்தாழ அனைத்துக்கும் நான்கு அல்லது ஐந்து வழங்கியதாகவும் இரண்டாவது கேட்பாளர் தெரிவிக்கிறார். அந்த மதிப்பெண்கள் அழிக்கப்பட்டுவிட்டதால் சரிபார்க்க இயலவில்லை.'

ஒரு தரம் படித்தேன். அனுப்பினேன். பிறகு தீஸிஸ் கோப்பைத் திறந்து, முகப்பில் இருந்த வருடத்தை மாற்றினேன்.